பெயரில்லாத பொத்தான்கள்

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சிறிய வேலை. உங்கள் திறன்பேசியின் அமைப்புகளுக்குள் போய் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதியைத் திறந்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் அதில் ‘டாக்பேக்’ இருக்கும், ஐஃபோன் என்றால் ‘வாய்ஸ்ஓவர்’. அதை இயக்கிவிட்டு, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஏதாவது ஒரு செயலியைத் திறங்கள். கண்களை மூடிக்கொண்டு, விரலைத் திரையில் இடமிருந்து வலமாக இழுங்கள். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் திரையில் உள்ள அடுத்த பொருளின் பெயரைத் திறன்பேசி வாய்விட்டுச் சொல்லும். அதை அழுத்த வேண்டுமானால் இரண்டு முறை தட்ட வேண்டும்.

தொடங்குவதற்கு முன் அணைக்கும் வழியைத் தெரிந்துகொள்வது நல்லது. என் அலுவலக நண்பர் ஒருவர் விளையாட்டாக இயக்கிவிட்டு, பெருவிரைவு ரயிலில் ஐந்து நிலையங்கள் வரை அதைப் பேசவிட்டபடி வந்தார். ஐஃபோனில் சிரியிடம் வாய்ஸ்ஓவரை அணைக்கச் சொன்னாலே போதும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கருவிகளில், குறுக்குவழியை முன்பே அமைத்திருந்தால், ஒலியைக் கூட்டும் குறைக்கும் விசைகள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும்.

நல்ல செயலி என்றால், “தேடல், எழுதும் பெட்டி”, “கூடை, 2 பொருள்கள், பொத்தான்” என்று தெளிவாகக் கேட்கும். அக்கறையில்லாமல் செய்த செயலி என்றால், “பொத்தான்... பொத்தான்... பெயரிடப்படாத பொத்தான்...” என்று ஒப்பாரி வைக்கும்.

இந்தக் குரல் படத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நம் கண்ணுக்குத் தெரியும் திரைக்குப் பின்னால் எழுத்தாலான ஒரு பட்டியல் இருக்கிறது. இங்கே ஒரு பொத்தான், அதன் பெயர் இது, திரையில் இந்த இடத்தில் இருக்கிறது, அழுத்தலாம் அல்லது அழுத்த முடியாது என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறிப்பு. குப்பைத்தொட்டிப் படத்தைப் பார்த்ததும் ‘நீக்கு’ என்று நமக்குப் புரிகிறது. பட்டியலில் அந்தப் படத்துக்குப் பெயர் எழுத வேண்டியவர் செயலியை உருவாக்குபவர். அவர் எழுதாமல் விட்டால் பார்வையில்லாதவருக்கு அது வெறும் ‘பொத்தான்’.

பெயரில்லாத பொத்தான்கள் எவ்வளவு பரவலானவை என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. 2018ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5,753 இலவச ஆண்ட்ராய்டு செயலிகளைக் கணினி வழி சோதித்தார்கள். மக்கள்தொகையில் நோய் பரவுவதைக் கணக்கிடும் முறையிலேயே இதையும் கணக்கிட்டார்கள். படமாக மட்டுமே இருக்கும் பொத்தான்களில் பத்தில் ஒன்றுக்குக்கூடப் பெயர் வைக்காத செயலிகள் 45.9 விழுக்காடு. திரையின் ஓரத்தில் மிதக்கும் வட்டப் பொத்தான்களில் 92 விழுக்காட்டில் பெயர் தொடர்பான குறை இருந்தது. மிதக்கும் அந்த வட்டம்தான் பெரும்பாலும் ஒரு திரையின் முக்கியமான வேலையைச் செய்வது என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

இது பழைய குறைதான். ஐஃபோனில் வாய்ஸ்ஓவர் 2009ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இத்தனை ஆண்டு கழித்து இதைப் பற்றி எழுத இப்போது ஒரு காரணம் வந்திருக்கிறது. அந்தப் பின்பக்கப் பட்டியலை வாசிக்க ஒரு புதிய வாசகர் வந்திருக்கிறார்.

‘வெள்ளிக்கிழமை இரவு நான்கு பேருக்கு மேசை பதிவு செய்’ என்று சொன்னால் தானே செயலியைத் திறந்து, தட்டி, நிரப்பி முடிக்கும் ஏஐ முகவர்களைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பே பேசியிருக்கிறோம். இவை திரையைப் புரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திரையைப் படம் பிடித்து, அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பது. மற்றொன்று, டாக்பேக் வாசிக்கும் அதே பட்டியலை வாசிப்பது. இரண்டாவது வழியில் செலவு குறைவு, குழப்பமும் குறைவு. மைக்ரோசாஃப்ட்டின் ‘பிளேரைட்’ என்ற சோதனைக் கருவியை ஏஐ முகவர்களோடு இணைக்க 2025இல் வந்த ஏற்பாடு இந்தப் பட்டியலைத்தான் முதன்மையாக நம்புகிறது. திறன்பேசிகளுக்கான இத்தகைய கருவிகளும் முதலில் பட்டியலைத் தேடுகின்றன, அது கிடைக்காதபோதே படத்துக்குப் போகின்றன. 2025 அக்டோபரில் ஓப்பன்ஏஐ தன் ‘அட்லஸ்’ உலாவியை வெளியிட்டபோது இணையத்தள உரிமையாளர்களுக்கு ஒரு யோசனை சொன்னது. எங்கள் முகவர் உங்கள் பக்கத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால், திரைவாசிப்பான்களுக்காகப் பொத்தான்களுக்கும் படிவங்களுக்கும் எழுதும் குறிப்புகளை ஒழுங்காக எழுதுங்கள் என்பதே அதன் சாரம்.

இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, கொஞ்சம் கசப்பும் வந்தது. பார்வையற்றவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டும் வராத அவசரம், வாடிக்கையாளர் சார்பில் பொருள் வாங்க ஒரு இயந்திரம் வரப்போகிறது என்றதும் வருகிறது. எந்தக் காரணத்துக்காகச் செய்தாலும் பலன் பலன்தான் என்று சொல்லலாம். அப்படி எடுத்துக்கொள்ளலாமா என்று சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்பு வீட்டிலேயே கிடைத்தது.

என் சித்தப்பாவுக்கு வயது 71. கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோயால் இடக்கண் பார்வை முழுதாகப் போய்விட்டது, வலக்கண்ணில் நடுவில் கொஞ்சம் மிச்சம். மூன்று ஆண்டுகளாக டாக்பேக் துணையோடுதான் திறன்பேசியைப் பயன்படுத்துகிறார். வாட்ஸ்அப்பில் எங்கள் குடும்பக் குழுவில் அவரைவிட வேகமாகக் குரல் பதிவு அனுப்ப ஆளில்லை.

அவர் போகும் தனியார் கண் மருந்தகம் தொலைபேசியில் நேரம் குறிப்பதைக் குறைத்துக்கொண்டு ஒரு செயலிக்கு மாறியது. சித்தப்பாவின் மகள் வேலையில் இருப்பவள். ஒவ்வொன்றுக்கும் அவளைக் கேட்பது அவருக்குப் பிடிக்காது. தானே செயலியை இறக்கினார், தானே நேரமும் குறித்தார். பிறகு அந்த நாளில் ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் தேதியை மாற்ற முயன்றார். அவர் குறித்த நேரத்துக்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் படங்கள் இருந்தன. ஒன்று பென்சில், மற்றொன்று குப்பைத்தொட்டி. இரண்டையும் டாக்பேக் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்றது. ஒன்றைத் தட்டினார். “உறுதியா?” என்று ஒரு பெட்டி வந்தது. ‘ஆம்’ என்று தட்டினார். அதன்பின் எதுவும் சொல்லவில்லை.

தேதி மாற்றப் போனவரின் நேரம் ரத்தாகிவிட்டது. அது தெரியாமல், மாறியிருக்கும் என்று நினைத்து, அடுத்த வாரம் மருந்தகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். பதிவே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடம் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொள்பவருக்கு அழுத்தத்தை அவ்வப்போது அளந்தாக வேண்டும். ஒருமுறை போன பார்வை இந்த நோயில் திரும்பாது.

“டேய், பட்டன் பட்டன்னுதான் சொல்லுது. எந்தப் பட்டன்னு சொல்ல மாட்டேங்குது. நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்?” என்றார்.

“ஃபோனைக் கொஞ்சம் குடுங்க சித்தப்பா, என்னன்னு பாக்கலாம்.”

“பாரு. ஆனா எதையும் அமுக்கிடாதே. ஐஞ்சு வாரம் காத்துக்கிட்டு இருக்கேன்.”

மென்பொருள் சோதனைதான் என் பிழைப்பு. அதனால் இதை வேலைபோலவே செய்தேன். அவருடைய கணக்கைத் தொடவில்லை. அதே மருந்தகத்தில் எனக்கும் கண்ணாடிக்கான பரிசோதனை ஒன்று பாக்கி இருந்தது. என் பெயரில் நேரம் குறித்து, என் திறன்பேசியிலேயே பார்த்தேன்.

முதலில் கூகலின் ‘அக்சசிபிலிட்டி ஸ்கேனர்’. 2016ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, பிளே ஸ்டோரில் இருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். இயக்கியதும் திரையில் ஒரு சிறு வட்டம் மிதக்கும். சோதிக்க வேண்டிய செயலியைத் திறந்து வட்டத்தைத் தட்டினால், குறையுள்ள இடங்களைச் சுற்றிச் செம்மஞ்சள் கட்டம் போட்டுக் காட்டும். கட்டத்தைத் தட்டினால் என்ன குறை என்ற விளக்கம் வரும். அது முக்கியமாகப் பார்ப்பவை இவை: பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா, ஒரே பெயர் இரண்டு பொத்தான்களுக்கு இருக்கிறதா, விரலால் தொடும் இடம் போதுமான அளவுக்குப் பெரிதா, எழுத்தின் நிறம் பின்னணியில் இருந்து பிரிந்து தெரிகிறதா. தொடும் இடத்துக்கு ஆண்ட்ராய்டு சொல்லும் அளவு, அகலத்திலும் உயரத்திலும் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். சிறிய எழுத்தும் பின்னணியும் 4.5க்கு 1 என்ற விகிதத்திலாவது வேறுபட வேண்டும். ஐஃபோனுக்கு இதே வேலையைச் செய்யும் கருவி ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருளுக்குள் இருக்கிறது. அதற்கு மேக் கணினி வேண்டும், ஆகவே அது செயலி செய்பவர்களுக்கான கருவி.

மருந்தகச் செயலியின் அந்தத் திரையில் ஸ்கேனர் கட்டங்களை வாரி இறைத்தது. பென்சிலுக்கும் குப்பைத்தொட்டிக்கும் பெயர் இல்லை. இரண்டும் அளவில் சிறியவை, ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. மருத்துவர் பெயர் வெள்ளைப் பின்னணியில் வெளிர்ச் சாம்பல் நிறத்தில் இருந்தது. இவ்வளவையும் ஸ்கேனர் சில விநாடிகளில் சொல்லிவிட்டது. இதற்காக அந்தக் கருவியை நான் மனதாரப் பாராட்டுவேன். இந்தச் செயலியை வெளியிடுவதற்கு முன் யாராவது ஒரே ஒரு தடவை அந்த வட்டத்தைத் தட்டியிருந்தால் சித்தப்பாவின் ஐந்து வாரம் வீணாகியிருக்காது.

ஆனால் ஸ்கேனர் எதைச் சொல்லவில்லை என்றும் பார்த்தேன். “உறுதியா?” என்று கேட்கும் பெட்டியில் அது ஒரு குறையும் காணவில்லை. எழுத்து பெரிது, நிறம் தெளிவு, ‘ஆம்’, ‘இல்லை’ என்று பொத்தான்களுக்குப் பெயரும் உண்டு. எதற்கு உறுதியா என்று அந்தப் பெட்டி சொல்லவில்லை என்பது கருவியின் கண்ணுக்குத் தெரியாது. நாள்காட்டித் திரையும் தேர்ச்சி பெற்றுவிட்டது. 12, 13, 14 என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் இருக்கிறதே! இடம் நிரம்பிய நாள்கள் சிவப்பிலும் காலியானவை பச்சையிலும் இருந்தன. சித்தப்பாவுக்குக் கேட்பதோ எண் மட்டும். ரத்தான பிறகு திரையின் அடியில் “உங்கள் பதிவு நீக்கப்பட்டது” என்று ஒரு வரி மூன்று விநாடி வந்து மறைகிறது. அதை டாக்பேக் படிக்கும்படி யாரும் அமைக்கவில்லை. அதனால்தான் அவர் அன்று மௌனத்தைக் கேட்டார்.

அடுத்து ஏஐ முகவரை இறக்கினேன். ஆண்ட்ராய்டு உருவாக்குநர் கருவிகளில், திரையின் பின்பக்கப் பட்டியல் முழுவதையும் ஒரே கட்டளையில் எழுத்தாக எடுத்துத் தரும் கருவி ஒன்று உண்டு. திறன்பேசியைக் கம்பி வழி மடிக்கணினியோடு இணைத்து, அந்தப் பட்டியலை மட்டும் முகவரிடம் கொடுத்தேன், படத்தைத் தரவில்லை. நான் இட்ட கட்டளை இதுதான்: ‘பதிவு செய்த நேரத்தை அடுத்த வாரத்தில் ஏதாவது ஒரு நாளுக்கு மாற்று. எங்கே தடுமாறினாய் என்று குறிப்பு எழுது.’ திரையில் தெரியும் பெயரும் விவரங்களும் ஏஐ நிறுவனத்தின் கணினிக்குப் போகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பிறருடைய கணக்கில் இதைச் செய்யக்கூடாது.

முகவர் வேலையை முடித்துவிட்டது! பெயரில்லாத இரண்டு பொத்தான்களையும் பார்த்து, ‘இத்தகைய அமைப்பில் முதலாவது பெரும்பாலும் திருத்துவதற்கு, இரண்டாவது நீக்குவதற்கு’ என்று ஊகித்து முதலாவதைத் தட்டியது. நாள்காட்டியில் ஒரு தேதியைத் தட்டிப் பார்த்தது. இடமில்லை என்றதும் அடுத்ததைத் தட்டியது, பிறகு அதற்கடுத்ததை. சில நிமிடங்களில் ‘பணி நிறைவேறியது’ என்று அறிக்கை கொடுத்தது. தடுமாற்றம் என்ற தலைப்பின் கீழ் பெயரில்லாத பொத்தான்களை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தது. நாள்காட்டியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அதற்கு அது ஒரு தடுமாற்றமாகவே படவில்லை போலும்.

இந்த இடத்தில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பட்டியலை மட்டும் கொண்டு முகவரால் வேலையை முடிக்க முடிந்தால், பார்வையற்றவராலும் முடியும் என்று ஒரு நிறுவனம் எளிதாக முடிவு கட்டிவிடும். இருவரும் படிப்பது ஒரே பட்டியலைத்தான். ஆனால் படிக்கும் விதம் ஒன்றல்ல. திரையில் உள்ள நாற்பது ஐம்பது பொருள்களையும் முகவர் ஒரே மூச்சில் விழுங்கிவிடுகிறது. சித்தப்பா ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு விரலை இழுக்க வேண்டும், கடந்து போனதை நினைவில் வைத்திருக்கவும் வேண்டும். எண்ணற்ற செயலிகளின் அமைப்பைப் படித்துப் பழகியதால் முகவருக்கு ஊகம் கைவசம் இருக்கிறது. பட்டறையில் வேலை பார்த்தவருக்கு, பென்சில் படம் முதலில் வரும், குப்பைத்தொட்டி பின்னால் வரும் என்ற வழக்கம் எங்கிருந்து தெரியும்? ஒருமுறைக் கடவு எண்ணை நிரப்ப ஒரு நிமிடம் என்றால் முகவருக்கு அது தாராளம். குறுஞ்செய்திக்குப் போய், எண்ணைக் கேட்டு, மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வருபவருக்கு அது ஓட்டப்பந்தயம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முகவரின் ஊகம் தவறினால் அதற்கு ஒன்றும் ஆகாது.

அதற்காக முகவரைச் சோதனைக்குப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. கேள்வியை மாற்றிக் கேட்டேன். ‘ஊகிக்காதே. ஒரு பொருளின் பெயரில் தெளிவாகச் சொல்லாத எதையும் தட்டாதே. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் படிக்கலாம். நிறம் தெரியாது என்று வைத்துக்கொள். அடுத்து என்ன நடக்கும் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் நின்றுவிடு.’ இப்படிக் கட்டிப்போட்டதும், சித்தப்பா நின்ற அதே இடத்தில் முகவரும் நின்றது. “உறுதியா?” என்ற பெட்டியை நான் நேராகக் காட்டிக் கேட்டபோது, எதை உறுதிப்படுத்துவது என்று தெரியவில்லை என்றது. ஸ்கேனருக்குத் தெரியாத குறை அது. ஆக, இந்தச் சோதனையில் பயன் உண்டு. ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததே, சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் எங்கே நின்றார் என்று நான் பார்த்ததால்தான்.

திருத்துவதிலும் இதே சிக்கல்தான். நிரல் எழுதும் முகவரிடம் ஸ்கேனர் அறிக்கையைக் கொடுத்து, ‘எல்லாக் குறைகளையும் நீக்கு’ என்று சொல்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. பயிற்சிக்காக நான் வைத்திருக்கும் ஒரு சிறு செயலியில் இதைச் செய்து பார்த்தேன். சில பொத்தான்களுக்கு மிக நல்ல பெயர் வைத்தது. சிலவற்றுக்குப் ‘படம்’, ‘சின்னம்’ என்று வைத்தது. பெயர் இருக்கிறது, கருவி திருப்தியடைந்துவிடும், கேட்பவருக்குத்தான் ஒன்றும் புரியாது. இரண்டு இடங்களில் அது செய்த வேலை இன்னும் மோசம். அந்தப் பொத்தான்களைத் திரைவாசிப்பானின் கண்ணில் படாதபடி மறைத்துவிட்டது. பட்டியலில் இல்லாத பொருளுக்குப் பெயர் இல்லை என்று யார் குறை சொல்வார்கள்? அறிக்கையில் குறை சுழியம். பார்வையற்றவருக்கோ அந்தப் பொத்தான் உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது.

இது ஏஐ வந்த பிறகு முளைத்த தந்திரமும் இல்லை. மெனுவேல் மட்டுசோவிச் என்ற ஆஸ்திரிய இணைய வடிவமைப்பாளர், யாராலும் பயன்படுத்தவே முடியாத ஓர் இணையப் பக்கத்தை 2019இல் வேண்டுமென்றே உருவாக்கினார். கூகலின் ‘லைட்ஹவுஸ்’ சோதனையில் அந்தப் பக்கத்துக்கு அணுகல்தன்மைக்காக 100க்கு 100 கிடைத்தது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மயங்குபவர்களுக்காக அவர் செய்த கேலி அது. நம் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு ‘ஊபி’ என்ற சோதனைக் கருவியை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. இணையப் பக்கங்களைச் சோதிக்கும் நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். எந்தக் கருவியின் அறிக்கையையும் வேலையின் தொடக்கமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே எச்சரித்துவிடுகிறேன். ஸ்கேனரை இயக்கும்போது, திரையில் உள்ளதைப் பார்க்கவும் கட்டுப்படுத்தவும் அனுமதி தருகிறீர்களா என்று திறன்பேசி கேட்கும். டாக்பேக்குக்கும் இதே அனுமதிதான், திறன்பேசியிலேயே இயங்கும் பல முகவர் செயலிகளுக்கும் இதே அனுமதிதான். மோசடிக்காரர்களும் இதையேதான் கேட்டார்கள். 2023ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பலர் சமூக ஊடகத்தில் கடலுணவு, வீட்டுத் துப்புரவு என்று வந்த விளம்பரங்களை நம்பி, அதிகாரபூர்வமில்லாத இடத்தில் இருந்து செயலியை இறக்கி, இந்த அனுமதியையும் கொடுத்து, வங்கிக் கணக்கில் இருந்த பணத்தை இழந்தார்கள். அதன்பின் உள்ளூர் வங்கிகள் தங்கள் செயலிகளில் ஒரு பூட்டைச் சேர்த்தன. வெளியிடத்தில் இருந்து வந்த செயலிக்கு இந்த அனுமதி இருப்பது தெரிந்தால் வங்கிச் செயலி வேலை செய்யாது. 2024 பிப்ரவரியில் கூகல், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து, இத்தகைய செயலிகளை நிறுவும்போதே தடுக்கும் முன்னோட்டத் திட்டத்தை இங்கேதான் முதலில் தொடங்கியது.

பார்வையற்றவருக்குக் கண்ணாக இருக்கும் வாசலும் திருடன் நுழையும் வாசலும் ஒன்றாக இருப்பதால், வாசலையே அடைத்துவிடும் யோசனை சிலருக்கு வரும். அது சித்தப்பா போன்றவர்களைத் திரும்பவும் வெளியே நிறுத்துவதாகும். நாம் செய்யக்கூடியது எளிது. அதிகாரபூர்வக் கடையில் இருந்து மட்டும் செயலியை இறக்குங்கள். சோதனை முடிந்ததும் ஸ்கேனரின் அனுமதியை அணைத்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் திறன்பேசியில் அணுகல்தன்மைப் பகுதியைத் திறந்து, யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்போது தவறிப்போய் டாக்பேக்கை அணைத்துவிடாதீர்கள்.

தமிழில் செயலி வெளியிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயில் விழா அறிவிப்பு, பாலர் பள்ளித் தகவல், நூல் வெளியீடு எல்லாவற்றையும் அழகான சுவரொட்டியாக, எழுத்தையும் படத்துக்குள்ளேயே வைத்து வெளியிடுகிறோம். அதற்கு விளக்கம் எழுதாவிட்டால் திரைவாசிப்பான் ‘படம்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். டாக்பேக்கிலும் வாய்ஸ்ஓவரிலும் தமிழ்க் குரல் உண்டு. நாம் எழுத்தாகக் கொடுத்தால் அது படிக்கும். திரையில் உள்ள சொற்களைத் தமிழாக்கிவிட்டு, பொத்தானின் மறைபெயரை ஆங்கிலத்திலேயே விட்டுவிடும் செயலிகளையும் பார்க்கிறேன். கண்ணால் பார்ப்பவருக்கு முழுத் தமிழ், காதால் கேட்பவருக்குப் பாதி ஆங்கிலம். ஸ்கேனரைப் பொறுத்தவரை பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

மருந்தகச் செயலி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேனரின் அறிக்கையை அதிலிருந்தே மின்னஞ்சலில் பகிரலாம். அதோடு சித்தப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய நான்கு வரிகளையும் சேர்த்து அனுப்பினோம்: எந்தத் திரை, எதைத் தட்டினேன், என்ன கேட்டது, அதனால் என்ன ஆனது. ‘உங்கள் செயலி மோசம்’ என்று ஒற்றை நட்சத்திரம் போடுவதைவிட இது பலன் தரும். குறையைத் திருத்த உட்காரும் நிரலாளருக்கு வேண்டியது இந்த நான்கு வரிகள்தான். வாசகர்களும் இதைச் செய்யலாம், பத்து நிமிடம்கூட ஆகாது.

ஏழு வாரம் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. பென்சிலுக்கு ‘தேதியை மாற்று’, குப்பைத்தொட்டிக்குப் ‘பதிவை ரத்து செய்’ என்று ஆங்கிலத்தில் பெயர் வந்திருக்கிறது. “உறுதியா?” என்பது இப்போது எந்த நாள், எந்த நேரத்துப் பதிவை ரத்து செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிக் கேட்கிறது. நாள்காட்டியின் சிவப்பும் பச்சையும் அப்படியேதான் இருக்கின்றன. அதற்கு இரண்டாவது மின்னஞ்சலைச் சித்தப்பாவே குரலால் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறார். என் நான்கு வரியைவிட நீளமாகப் போகும் என்று சித்தி சொன்னார்.